நெத்திலி சுற்றிப் போன ஒன்பது தாள்கள்

அன்புக்கும் சண்டைக்கும் சரிபாதி உரிமையுள்ள பிலோமி மைனிக்கு,

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த நோட்டில் ஒன்பது தாள்கள் நெத்திலிக் கருவாடு சுற்றிப் போய்விட்டன. கிழித்தது கடையில் நிற்கும் மாலதி. ஆனால் நோட்டை அந்த இடத்தில் வைத்தது நான். ஆகவே தப்பு என்னுடையது. நஷ்டம் என்று சொல்ல வரவில்லை. அந்தத் தாள்கள் போகாமல் இருந்திருந்தால், ஒன்றரை வருடமாகத் தட்டிக்கழித்த செக்கப்புக்கு நான் இன்றுவரை போயிருக்கமாட்டேன்.

இந்தக் கடிதத்தை நம் கோயில் ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது ஒரே கதையை நாலு தடவை சொல்லி என்னைப் பொறுக்க வைத்தவர்தானே நீங்கள்?

நம் தீவில் சாத்தம் பாலத்துக்கு இந்தப் பக்கம் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஜெசிந்தாவை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஃபீனிக்ஸ் பே படகுத்துறை ஜெட்டியில் கூடையோடு நின்று, தீவுகளுக்குக் கப்பல் ஏறுகிறவர்களிடம் விற்று ஆரம்பித்தவள். இன்று கடை, பின்னால் ஒரு குடோன், உப்புப் போட மூன்று தொட்டி. "இவ வாய்க்குப் பயந்தே தராசு நேரா நிக்கும்" என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு மார்பில் புற்றுநோய் வந்து, சென்னையில் ஒரு பக்கம் எடுத்துவிட்டு வந்த சேதி வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டோம், நீங்களும் நானும்.

ஏன் மறைத்தோம்? சாப்பிடுகிற பொருள் விற்கிறவள் நான். நோய்க்காரி கைப்பட்ட கருவாட்டை எவள் வாங்குவாள் என்று பயந்தேன். அது ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாங்க வருகிறவளுக்குத் தெரியுமா? தங்கச்சி மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினோம். ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது என் தலையில் முடி இல்லை. ஜெட்டியில் இறங்கியதும் முதலில் எதிரே வந்தவளிடம் நீங்கள் கொஞ்சம்கூட முகம் மாறாமல் சொன்னீர்கள்: "வேளாங்கண்ணியில நேர்ச்ச. மொட்ட போட்டா." பிரசவமும் நேர்ச்சையும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போனதால் எல்லாரும் நம்பினார்கள். பொய் சொன்னதற்காக அடுத்த ஞாயிறு நீங்கள் பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள். நான் செய்யவில்லை.

அந்த ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தோம். இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மருந்து ஏற்றிவிட்டு வந்த நாட்களில் நான் மனுஷியாக இல்லை. நர்ஸைத் திட்டினேன், ஆட்டோக்காரரைத் திட்டினேன், வேறு ஆள் இல்லாதபோது உங்களைத் திட்டினேன். ராத்திரி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இன்னும் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள் என்று ஒரே கேள்வி.

அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் கொடுக்கும் பெண் ஒரு யோசனை சொன்னாள். என் மூத்த மகன் வயதுகூட இருக்காது அவளுக்கு. "தினமும் இருபது நிமிஷம் உக்காந்து எழுதுங்க அம்மா. மனசுல எது இருக்கோ அத. எழுத்துப் பிழை பாக்க வேணாம். யாருக்கும் காட்ட வேணாம். கிழிச்சுப் போடணும்னா கிழிச்சுப் போடுங்க. முதல்ல ஒரு நாலு நாள் செஞ்சு பாருங்க."

"எழுதினா நோய் போயிருமா?" என்று கேட்டேன்.

"போகாது."

"பின்ன என்ன லாபம்?"

"நர்ஸுங்களுக்கு லாபம் அம்மா" என்றாள் அவள். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே நடைபாதைக் கடையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி என் மடியில் போட்டீர்கள். "எழுதுட்டி. வாயால சொன்னா என் தலைய தின்னுத. இனி இந்தப் பேப்பர் தலைய தின்னு."

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். முதல் நாள் என்ன எழுதினேன் தெரியுமா? உங்களைத் திட்டித்தான் எழுதினேன். நீங்கள் விடும் குறட்டை, உப்பில்லாத ரசம், ஜெபமாலையை முணுமுணுத்துக்கொண்டே என் பக்கம் பார்க்கிற அந்தப் பரிதாபப் பார்வை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். இருபது நிமிஷம் ஆனதும் "போதும், மூடு" என்றீர்கள். மறுநாள் ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. இன்றுவரை கேட்காத கேள்வி ஒன்று. நீங்கள் படித்தீர்களா, மைனி?

மூன்றாம் நாள் திட்டுவதற்கு விஷயம் தீர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. பயத்தைப் பற்றி எழுதினேன். அறுத்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்ததைப் பற்றி எழுதினேன். உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், என்னை இனி எப்படிப் பார்ப்பார் என்று எழுதினேன். அன்று அழுகை கூடுதலாக வந்தது. இதற்கா எழுதச் சொன்னாள் என்று அந்தப் பெண்மேல் கோபம்கூட வந்தது. ஆனால் நாலைந்து நாளில் படபடப்பு குறைந்தது. தூங்கினேன். எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துச் சொல்கிறேன்: மீனைப் பிளந்து குடலை எடுத்தால்தான் உப்பு உள்ளே ஏறும், கருவாடு நிற்கும். பிளக்காமல் மூடி வைத்த மீன் நாறும். அவ்வளவுதான் அந்த நோட்டின் ரகசியம். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செக்கப்புக்கும் நீங்கள்தான் கூட வந்தீர்கள். போவதற்கு நாலு நாள் முன்னாலிருந்து நான் எழுதுவேன். கப்பலில் பங்க் என்கிற அடுக்குப் படுக்கையில் உட்கார்ந்து எழுதுவேன். "ஒன்றும் இல்லை" என்று சொன்னதும் நீங்கள் என்னைக் கூட்டிப்போய் மீன் குழம்பு சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, "இது ஒரு கொழம்பா, இது ஒரு மீனா" என்று மெயின்லேண்ட் மீனைக் குறை சொல்வீர்கள். அப்படி வருடங்கள் போயின. பிறகு ஒரு நாள் காலையில் பேம்பூஃப்ளாட்டில் உங்கள் வீட்டில், துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்துவிட்டீர்கள். நெஞ்சுவலி என்றார்கள். நோய்க்காரி நான் நிற்கிறேன், துணைக்கு வந்தவர் போய்விட்டார். இது என்ன நியாயம்?

நீங்கள் போன பிறகு நான் செக்கப்புக்குப் போகவில்லை.

முதல் தவணை வந்தபோது மழை என்றேன். இரண்டாம் தவணைக்குச் சரக்கு வருகிற நேரம் என்றேன். மூன்றாவது தவணைக்குக் கப்பலில் டிக்கெட் இல்லை என்று உங்கள் தம்பியிடமே சொன்னேன். அவர் எதுவும் கேட்கவில்லை. "சரி, அடுத்த கப்பல்ல பாப்போம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

எழுதுவதை மட்டும் விடவில்லை. மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் குடோனில் உட்கார்ந்து எழுதுவேன். அப்படி ஒரு நாள்தான் அதை எழுதினேன். அறுத்த பக்கம் அக்குளில் பட்டாணி அளவு ஏதோ கைக்குத் தட்டுப்படுகிறது என்று. எழுதியதும் மனசு கொஞ்சம் இலேசானது. அங்கேதான் நான் ஏமாந்தேன், மைனி. எழுதியாயிற்று, ஆகவே ஏதோ செய்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதையே எழுதினேன். அடுத்த நாளும். ஒன்பது தாள் அந்தப் பட்டாணியைப் பற்றியே எழுதினேன். ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. நோட்டு கேட்டுக்கொள்ளும், தொட்டுப் பார்க்காது. நோட்டு டாக்டர் இல்லை.

இனி அது கருவாடு சுற்றிப் போன கதை.

பிளாஸ்டிக் பை கொடுக்கக் கூடாது என்று ஆனதிலிருந்து எல்லாம் காகிதத்தில்தான் கட்டுகிறோம். பள்ளிக்கூடம் முடிந்ததும் பழைய நோட்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பது வழக்கம். நான் என் நோட்டையும் அந்த அடுக்கிலேயே, அடியில் வைத்திருந்தேன். வீட்டில் வைத்தால் உங்கள் தம்பி கண்ணில் படும், குடோனில் வைத்தால் எலி. எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தால் எவரும் பார்க்கமாட்டார் என்று என் வியாபாரி மூளை சொன்னது. அடுக்கு ஒருநாள் அடிவரை தீரும் என்று அந்த மூளை சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் தொட்டியில் உப்பு பார்த்துவிட்டு வருகிறேன், என் நீல நோட்டு தராசின் மேல் விரிந்து கிடக்கிறது. பாதி இல்லை. மாலதி வங்காளத்துக்காரி, தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

"யே க்யா கியா, மாலதி!" என்ன செய்துவிட்டாய் என்று இந்தியில் கத்தினேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "காகஜ் தோ காகஜ் ஹே, தீதி." காகிதம் காகிதம்தானே அக்கா என்கிறாள். அவள் சொன்னதில் என்ன தப்பு?

யார் யாருக்குக் கட்டினாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒரு தெலுங்குக்காரி. ஒரு மலையாளி ஓட்டல்காரர். ராஞ்சிக்காரர்கள் இரண்டு பேர். எனக்கு உயிர் திரும்பி வந்தது. இவர்களில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. இந்த ஊரில் இத்தனை பாஷை பேசுகிறார்களே என்று அன்றைக்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். கடைசியில் மாலதி விரலை மடக்கினாள்: பெரார்கஞ்சிலிருந்து வரும் ஒரு மதராசி அம்மா, அதாவது தமிழ்க்காரி, நெத்திலி இரண்டு கிலோ, நாலு பொட்டலம், பொட்டலத்துக்கு இரண்டு மூன்று தாள்.

ஒன்பதும் அங்கேதான் போயிருந்தது. மற்றவர்களுக்குக் கட்டியதெல்லாம் நோட்டின் பின்பக்கத்து எழுதாத வெள்ளைத் தாள்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு! எழுதவும் முடியவில்லை, நோட்டைத் தொடவே கூசியது. பெரார்கஞ்சு முழுக்க என் அக்குளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றியது. அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். தெய்வானை என்று பெயர். என்னைவிட நாலைந்து வயது இளையவள். தாய் தகப்பன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். இவள் கல்யாணமாகிப் பெரார்கஞ்சு வந்தவள், பாக்குத் தோப்பில் வேலை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று வந்தவள் பையிலிருந்து நீவி மடித்த தாள்களை எடுத்தாள். கருவாட்டு எண்ணெய் படிந்து கண்ணாடி மாதிரி இருந்தன.

"அக்கா, இது யாரு எழுதுனது?"

நான் தராசைத் துடைத்தேன். "பழைய நோட்டு தாயி. கிலோக்கணக்குல வாங்குதோம். ஏதாவது ஸ்கூல் பிள்ளை எழுதியிருக்கும்."

"ஸ்கூல் புள்ளைக்கு மாரு எடுத்துருக்காங்களாக்கா?"

வியாபாரத்தில் முப்பது வருடம். ஒருவர்கூட என்னை இப்படி வாயடைக்க வைத்ததில்லை. மாலதியை டீ வாங்கி வர அனுப்பினேன். தெய்வானையைக் குடோனுக்குள் கூட்டிப்போய் உப்பு மூட்டைமேல் உட்கார வைத்தேன்.

"படிச்சியா?"

"மூணு தடவ." அவள் ஒரு தாளைப் பிரித்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தாள். "'எனக்குச் சாகப் பயமில்லை. மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கத்தான் பயம்.'" வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "இத எழுதுனவங்க யாருன்னு பாக்கணும்னுதான் வந்தேன். எனக்கு கர்ப்பப்பையில வந்துச்சுங்க்கா. நாலு வருசம் ஆச்சு. எடுத்துட்டாங்க. இப்ப ரெண்டு வருசமா நானும் போகல. அந்த நாக்காலிக்குப் பயந்துக்கிட்டுத்தான். எனக்கு மட்டுந்தான் இப்படி புத்தி கெட்டுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

டீ வந்தது. குடித்தோம். அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பார்த்தாள்.

"அந்தப் பட்டாணி என்னாச்சு?"

அதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை, மைனி. எப்படிக் கேட்பார்கள்? தெரிந்தால்தானே. நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பீர்கள்.

"அப்படியேதான் இருக்கு" என்றேன்.

"காட்டுனீங்களா?"

"இல்ல."

"எழுதத் தெரியுது, காட்டத் தெரியலையா?"

கோபம் வந்தது. வெட்கமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் பேரம் பேச ஆரம்பித்துவிடுவேன், உங்களுக்குத் தெரியும். "அந்தத் தாளை இங்க குடு. ரெண்டு கிலோ சீலாக் கருவாடு தாரேன். முதல் தரம்."

"வேணாம்."

"வஞ்சிரம்?"

"எனக்கு பிரஷருக்கா, உப்பு ஆகாது. நெத்திலியே எங்க வீட்டுக்காரருக்குத்தான்." தாள்களை மடித்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள். "நீங்க போயி காட்டிட்டு வாங்க. அப்பறமா தர்றேன். அதுவரைக்கும் என்கிட்ட பத்திரமா இருக்கும். ராவு நேரத்துல பயமா இருந்தா எடுத்துப் படிச்சுக்குவேன்."

"அப்ப நீயும் போகணும்."

"மொதல்ல நீங்க போங்க" என்று எழுந்துவிட்டாள். போகும்போது வாங்கிய நெத்திலிப் பொட்டலத்தை விலக்கிப் பார்த்தாள், உள்ளே எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று. இருந்தது. ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடம்.

அன்று சாயங்காலம் உங்கள் தம்பி வேலை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். அக்குளில் இருப்பதையும், கப்பலில் டிக்கெட் இல்லை என்று சொன்னது பொய் என்பதையும். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"சாத்தம் பேம்பூஃப்ளாட் படகுல இருபத்தெட்டு வருசமா வேல பாக்குதேன். எந்தக் கப்பல் எப்பம் போகுது, எத்தன பங்க் காலின்னு எனக்குத் தெரியாதாட்டி? கப்பக்காரன்கிட்டயே கப்பல் இல்லன்னு சொன்ன ஒரே பொம்பள நீதான்."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கேட்டா போவணுமே. போனா என்ன சொல்லுவானோ." சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அக்கா இருந்தா உன்ன இழுத்துட்டுப் போயிருப்பா. எனக்கு அந்த தைரியம் இல்ல."

ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்தோம். நான் நோட்டில் ஒளித்தேன். எழுதும் பழக்கமில்லாத அவர் எங்கே ஒளித்திருப்பார்? அந்த ஒன்றரை வருடம் அவர் எப்படித் தூங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கப்பலில் இருவரும் போனோம். விமானத்தில் போகலாம் என்றார். வேண்டாம் என்றேன். விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் பயத்தோடு இறக்கிவிட்டுவிடுவான். கப்பலில் மூன்று நாள் இருக்கிறது, எழுதித் தீர்க்கலாம். புது நோட்டு வாங்கிக்கொண்டேன். பங்க்கில் உட்கார்ந்து எழுதும்போது அவர் உங்களைப் போலவே முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டு வழக்கமா அது? மணி பார்க்கத்தான் தெரியவில்லை. இருபது நிமிஷம் என்றால் அவருக்கு ஒரு மணி நேரம். இரண்டாம் நாள் கடல் ஆட்டம் அதிகம், எழுத்தெல்லாம் கோணல்மாணல். "என்னத்தட்டி எழுதுத, இந்த ஆட்டத்துல?" என்றார். "உம்மளத்தான் திட்டுதேன்" என்றேன். அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்போல, படுத்துத் தூங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். முடிவுக்கு ஐந்து நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த ஐந்து நாளும் எழுதினேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பயம் இருந்தது, ஆனால் என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார். "பழைய தையல் பக்கத்துல கொழுப்பு திரண்டிருக்கு. கெட்டது ஒண்ணும் இல்ல. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா ஒன்றரை வருஷம் வராம இருந்தது தப்பு."

"தப்புதான் சார்" என்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இதை நம்புவீர்களா, மைனி?

வெளியே வந்ததும் உங்கள் தம்பி என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஐம்பத்தொன்பது வயது ஆள், தோள் குலுங்கக் குலுங்க நின்றார். நான் அழவில்லை. எனக்குப் பசித்தது. அப்படி ஒரு பசி. பக்கத்துக் கடையில் நாலு இட்லி, இரண்டு வடை, ஒரு தோசை சாப்பிட்டேன். உங்களுக்காக மீனையும் குறை சொல்லலாம் என்று பார்த்தேன். அது சைவ ஓட்டல்.

அந்தக் கவுன்சலிங் பெண்ணையும் பார்த்தேன். இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். "இன்னும் எழுதுறீங்களா அம்மா?" என்றாள். நோட்டைக் கருவாடு கட்டிவிட்டார்கள் என்று சொன்னதும் கண்ணில் நீர் வருகிற அளவு சிரித்தாள். பிறகு ஒன்று சொன்னாள். எழுதுவது எல்லாருக்கும் ஒத்துவராது, சிலருக்கு எழுத எழுத வேதனை கூடும், அப்படியானால் நிறுத்திவிட்டு ஆளைப் பார்த்துப் பேசவேண்டும் என்றாள். "எழுத்த வச்சு மனச இறக்கி வைக்கலாம் அம்மா. இறக்கி வச்சுட்டு அங்கயே உக்காந்துடக் கூடாது." ஒன்பது தாள் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அது நன்றாகவே உறைத்தது.

ஊர் திரும்பியதும் ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில் பெண்கள் கூடி நிற்கிற இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேளாங்கண்ணி மொட்டை உட்பட. ஒருத்தி "அட பாவி, நான் உனக்காக ஆறு மாசம் அந்தப் பிரசவத்துக்கு ஜெபம் பண்ணேனே" என்றாள். இரண்டு பேர் ஒரு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. அதில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள், மற்றவள் வரவில்லை. போகட்டும். எத்தனை வருடம் எவ்வளவு பெரிய மூட்டையைச் சுமந்திருக்கிறேன் என்று இறக்கி வைத்த பிறகுதான் தோள் சொல்கிறது.

தெய்வானை சனிக்கிழமை வந்தாள். சேதியைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிறகு பையைத் திறந்தாள். தாள்களைத் தரப்போகிறாள் என்று பார்த்தால், ஒரு புது நோட்டை எடுத்துக் காட்டினாள். "நானும் எழுத ஆரம்பிச்சுட்டேங்க்கா. மொத நாளு எங்க வீட்டுக்காரரத்தான் திட்டுனேன்."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்போம்" என்றேன். "சரி, நான் போயிட்டு வந்துட்டேன். இப்பம் உன் முறை."

அவள் முகம் மாறியது. "எனக்கு நல்லபடியா வரலைன்னா?"

இதற்கு என்ன பதில், மைனி? ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு வாய் வரவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி நான் ஒரு கிலோ கருவாடுகூட விற்றதில்லை. ஆகவே, எனக்குத் தெரிந்த வழியில் உட்கார்ந்து பேசினோம். அரை மணி நேரம் பேரம். பெரார்கஞ்சுக்காரி லேசில் இறங்கவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் ஒத்துவந்ததை உங்களுக்கு வாக்காகவே எழுதித் தருகிறேன். மீறினால் நீங்கள் கனவில் வந்து கேட்கலாம்.

அடுத்த மாதக் கப்பலில் நானும் தெய்வானையும் போவது. போகும்போது கீழ் பங்க் அவளுக்கு, வரும்போது எனக்கு. கப்பலில் தினமும் இருபது நிமிஷம் இரண்டு பேரும் எழுதுவது, ஒருவர் எழுதியதை ஒருவர் கேட்பதில்லை. இரண்டு வருடமாகச் செக்கப்புக்குப் போகாததை அவள் வீட்டுக்காரரிடம் அவளே சொல்வது, புறப்படுவதற்கு முன்னால். ஒன்பது தாளும் நாங்கள் திரும்பும்வரை அவளிடமே இருப்பது. முடிவு நல்லபடி வந்தால் அடுத்த கப்பலில் திரும்புவது. வேறு மாதிரி வந்தால், எத்தனை மாதமானாலும் நான் அவளோடு அங்கேயே அறை எடுத்துத் தங்குவது. கடை மாலதி பொறுப்பு. சமையல் நான், உப்பு அவள் சொல்கிற அளவு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி,
ஜெசிந்தா